பிசேர்த்தாக்காரர் கொண்டுவந்த சாப்பாடு

எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஆட்டிறைச்சி ஒரே ஒரு தடவைதான் நுழைந்திருக்கிறது. கொண்டுவந்தவர் எங்களுக்கு நேர் கீழே குடியிருந்த துனிசியாக்காரர். ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில், நாங்கள் ஆறாம் மாடி, அவர் ஐந்தாம் மாடி. எனக்கு அவர் கீழ்வீட்டு அங்கிள். அப்பாவும் அவரும் லிப்டில் சந்தித்தால் நொர்வேஜிய மொழியில் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். அப்பாவின் நொர்வேஜியன் வடக்கே மீன் தொழிற்சாலையில் பொறுக்கியது. அங்கிளுடையது பாதி பிரெஞ்சு. இரண்டு பேருமே தங்களுக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மழையையும் பனியையும் தாண்டினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. அதற்குமேல் நான் வேண்டும். பத்து வயதுப் பெட்டைக்கு இந்த உத்தியோகத்தில் கொஞ்சநஞ்சப் பெருமையா!

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி மாதம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிச் சண்டை மூண்டிருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எதிர்க்கரையில் மூதூரில் மீன்பிடி வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்துகிறவர். ஊரே கால்நடையாக வெளியேறியபோது சித்தியும் பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பா வரவில்லை. பட்டறையைப் பூட்ட மறந்துபோனேன், பூட்டிவிட்டு ஓடி வருகிறேன் என்று பாதிவழியில் திரும்பிப் போனவராம். "செல் குண்டு விழுற ஊரில பட்டறைக்குப் பூட்டு என்னத்துக்கு?" என்று அப்பா தொலைபேசியில் யார் யாரையோ கேட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அப்பா வேலைக்குப் போகவில்லை. பல்கனியில் நின்றபடி இலங்கைக்குப் பேசினார். இலங்கைக்குப் பேசுவதென்றால் எங்கள் ஆட்கள் கத்தத்தான் வேண்டும், தூரம் அதிகமல்லவா! ஆஸ்பத்திரி, முகாம், கோயில் என்று ஓரிடம் விடாமல் விசாரித்தார். கீழ்ப் பல்கனியில் இருந்த அங்கிளுக்குத் தமிழ் விளங்காது. குரல் விளங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை லிப்டில் என்னைக் கண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "துறைமுகத்திலா?" என்று திரும்பவும் கேட்டுவிட்டு ஐந்தாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அங்கிள் நிற்கிறார், கையில் துணி மூடிய பெரிய தட்டம். ஆவியில் அவித்த ரவை குவியலாக, அதன்மேல் கரட்டும் கடலையும் எலும்போடு ஆட்டிறைச்சியும். அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது இறைச்சி. "ஐயோ கடவுளே, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே!"

அப்பாவின் கண்ணில் பட்டது வேறு. எங்கள் ஆட்களிடம் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தட்டத்தைப் பார்த்த அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"கொண்டு போகச் சொல்லு," என்றார் என்னிடம். "என்ர தம்பி செத்துப்போனான் எண்டு இவருக்கு ஆர் சொன்னது? இது செத்தவீடில்லை எண்டு சொல்லு!"

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அங்கிள் கோபிக்கவில்லை. தட்டத்தைச் சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்று கதைக்கத் தொடங்கினார். அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் துண்டு துண்டாகத் தமிழாக்கினேன்.

அவருடைய ஊர் பிசேர்த்தா. பிரான்ஸ்காரன் துனிசியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தான், ஆனால் பிசேர்த்தாத் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. கடற்படைத் தளம் தனக்கு வேண்டுமென்று இருந்துகொண்டான். அங்கிள் என்னைவிடச் சின்னப்பிள்ளையாக இருந்த அறுபத்தோராம் ஆண்டுக் கோடையில், நாடெங்கிலுமிருந்து சனம் லொறிகளில் வந்து அந்தத் தளத்தைச் சுற்றி மறித்தது. அவருடைய அண்ணனும் போனார். கையில் ஒரு கொடி, அவ்வளவுதான். பரசூட்டில் படை இறங்கியது, விமானங்கள் சுட்டன, சில நாட்களில் எல்லாம் முடிந்தது. தெருவில் கிடந்த பிணங்களில் அண்ணன் இல்லை. உயிரோடு கண்டவர்களும் இல்லை.

"எங்கட துறைமுகத்தையும் வெள்ளைக்காரன் சுதந்திரம் தந்த பிறகும் கொஞ்சக் காலம் விடேல்லை," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "அவன் சுடாமல்தான் போனவன். சுடுற வேலையை எங்களுக்கெல்லே விட்டிட்டுப் போனவன்." இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கோடையில் அங்கிளின் தாய் வாசலை விட்டு அசையவில்லையாம். அயலவர்கள் சாப்பாடு கொண்டுவந்தபோது அவரும் என் பிள்ளை சாகவில்லை என்று திருப்பி அனுப்பினாராம். பக்கத்து வீட்டுக்காரி போகவில்லை. வழி பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கும் வயிறு இருக்குத்தானே என்று சொல்லி, பக்கத்தில் இருந்து கவளம் கவளமாகத் தீத்திவிட்டாளாம்.

அப்பா போய் மேசையில் இருந்தார். அம்மா அங்கிளை உள்ளே வரச்சொல்லி, இறைச்சியை ஒதுக்கிவிட்டு ரவையை மட்டும் அப்பாவுக்குப் போட்டார். "அதையும் போடப்பா," என்றார் அப்பா. அம்மா வெள்ளிக்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் கிழமையில் அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

பாதியில் கையை நிறுத்தி, தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னார்: "அவற்ர அம்மா எவ்வளவு காலம் அப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தவ எண்டு கேள்."

கேட்டேன். அங்கிள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று! அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல செய்தி அதுதான் என்று நினைத்தேன்.

"அப்பா, அவ இன்னும் உயிரோடை இருக்கிறாவாம்! இப்பவும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறாவாம்!"

அப்பா வாயில் வைத்ததை விழுங்கவில்லை. அங்கிள் எழுந்து வந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை அறைக்குப் போகச் சொன்னார். சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அது அந்த மேசையில் இருந்த மூன்று பேருக்கும் அன்றைக்கே தெரிந்துபோயிருக்க வேண்டும். நான் கட்டிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு, நல்ல செய்தியைக் கேட்டு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று யோசித்தேன். ஒரு தாய் இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்கலாமென்றால், சித்தப்பா வந்துசேர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறதே!