விக்னராஜா அண்ணரும் மூலையில் இருந்த எழுத்தும்

மெல்பேர்னின் ரோவிலில் பழைய கார் வாங்க நினைக்கும் தமிழர்கள் விக்னராஜா அண்ணரிடம் கேட்காமல் வாங்குவதில்லை. கேட்காமல் வாங்கியவர்களும் உண்டு. அவர்களை நீங்கள் பஸ்ஸில் பார்க்கலாம்.

அந்த பஸ்ஸை ஓட்டுபவரும் அண்ணர்தான். ரோவிலுக்கு ரயில் வரும், ரயில் வரும் என்று எத்தனையோ தேர்தல்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்றுவரை வராத அந்த ரயிலுக்கு அண்ணர் மனதார நன்றி சொல்வார். "அது வந்திருந்தா எனக்கு வேலை இல்லையே, தம்பி."

யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் ஜப்பானுக்குப் போய், நகோயா பக்கத்தில் பழைய கார்களை ஏலம் விடும் மைதானமொன்றில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். பரிசோதகருக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடப்பதும், அவர் முணுமுணுப்பதை ஏலத் தாளில் எழுதுவதும்தான் வேலை. ஆகவே அண்ணர் கற்ற ஜப்பானிய மொழி முழுக்க முழுக்கக் குறைகளைப் பற்றியது. துரு, கீறல், நெளிவு, மாற்றியது, மாற்ற வேண்டியது, சிகரெட் சுட்ட ஓட்டை. ஒரு ஜப்பானியப் பெண்மணி வானிலை பற்றிப் பேசினால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் அந்த அம்மாவின் காரில் வலது கதவு நெளிந்திருக்கிறது என்பதை அவருடைய மொழியிலேயே பிசகில்லாமல் சொல்லிவிடுவார்.

ஏலத் தாள் என்பது காரின் ஜாதகம். மேல் மூலையில் ஒரு மதிப்பெண் இருக்கும். ஐந்து என்றால் புதுசு மாதிரி. நாலு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், அந்தக் கார் எங்கோ மோதி, கூட்டை வெட்டி ஒட்டிய கார். பக்கத்திலேயே உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி என்று ஒரு மதிப்பு.

"ஆர் எங்கட வாசலுக்கு வரப்படாது" என்பது அண்ணர் ரோவில் தமிழர்களுக்கு வகுத்துக் கொடுத்த சட்டம். ஐந்து வருடங்களுக்கு முன் நான் ஒரு சிவப்புக் காரின் சாவியை வாங்கி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணர் அதை என் விரலிலிருந்து கழற்றி விற்பவனிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் பிறகு தேர்ந்து கொடுத்த சாம்பல் நிறக் காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை. இதற்காக அவரை நான் மன்னிக்கவும் இல்லை, நன்றி சொல்லித் தீர்க்கவும் முடியவில்லை.

கார்களோடு அவர் நிறுத்துவதுமில்லை. சங்கத்துப் பொங்கலுக்கு மூன்றரை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு வந்து என் காதில், "நாலு. உள்ளுக்கு சி" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சு பிடித்தது. நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்து, "எல்லாரும் இறங்குங்கோ, பிளீஸ்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்த பிறகுதான் நெஞ்சைப் பிடித்தார். ஒரு சீனத்துப் பாட்டியம்மா ஆம்புலன்சைக் கூப்பிட்டார். நெஞ்சை நடுவில் திறந்து, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து ஒட்டி, கம்பி போட்டு மூடி, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மெல்பேர்னில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சனங்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்வது வழக்கம். பல வருடங்களாக அண்ணர் அதைத் தலையசைப்பில் வாங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு ஆளுக்கும் பதில் நன்றி சொல்ல ஆரம்பித்தார். பஸ் நேரத்துக்கு ஓடவில்லை என்று புகார் வந்தது.

அதே காலத்தில்தான் அவருக்குள் இருந்த ஒரு பழைய ஆசை வெளியே வந்தது. நகோயா மைதானத்தில் ஒருநாள் இரண்டு கதவு ஸ்கைலைன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மீட்டர் ஓட்டினார். மீதியை ஓட்ட வேண்டும்.

அண்ணி தாட்சாயினி ஒரு பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருபது வருடமாக இருப்பவர். வாயைத் திறந்தவர்களைவிடத் திறக்காதவர்களை நன்றாக அறிந்தவர். அண்ணர் விஷயத்தைச் சொன்ன அன்று நானும் இருந்தேன்.

"குசினி இடிச்சுக் கட்டுறதெண்டு நாலு வருசமாச் சொல்லுறியள். சரி, அது இன்னும் பொறுக்கும்" என்றார் அண்ணி, சமையலறைப் பக்கம் கையைக் காட்டி. "ஆனா ஊருக்குச் சொன்ன சட்டம் உங்களுக்கும்தான். ஆர் எண்டால் வேண்டாம். அதுக்குப் பிறகு ஸ்போர்ட்ஸ் கார் எண்ட கதையும் இந்த வீட்டில வேண்டாம்."

"ஓம்" என்றார் அண்ணர், கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி.

எட்டு மாதத் தேடலுக்குப் பிறகு கார் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் அகப்பட்டது. விற்பவர் பிரதீப்குமார், கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1998 ஸ்கைலைன், வெள்ளை நிறம். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததால் விற்கிறார். இரண்டு கதவுக் காரின் பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்தப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம்.

ஏலத் தாளின் படம் கேட்டபோது, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொல்லி ஒரு போட்டோ அனுப்பினார். அதில் ஃபிளாஷ் வெளிச்சமும் பிரதீப்குமாரின் முகமும் தெளிவாகத் தெரிந்தன. மற்றவர்களாயிருந்தால், "தாளைப் பார்க்காமல் படலையைத் தாண்டாதை" என்று அண்ணர் அதட்டியிருப்பார். இப்போது, "நேரில பாப்பம்" என்றார். காதல் என்பது வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணரும் அண்ணியும் நானும் என் சாம்பல் நிறக் காரில் புறப்பட்டோம். திரும்பும்போது இந்தச் சாம்பல் நிறக் காரை ஓட்டிவர ஆள் வேண்டுமே, அதற்காக நான். ஸ்ட்ராத்ஃபீல்டில் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சனிக்கிழமை காலை குவேக்கர்ஸ் ஹில் போனோம்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று பிரதீப்குமார் கராஜ் கதவைத் தூக்கினார். அண்ணர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

பரிசோதனை ஒரு மணி நேரம் நடந்தது. பானட்டுக்குள் இருந்த தகட்டின் எண்களை எழுத்தெழுத்தாக வாசித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டாம். கியர் பெட்டி கம்பெனியில் போட்டதேதான், பிறகு மாற்றியதல்ல. சீட்டுத் துணி அசல். தரை விரிப்பில் ஜப்பானியக் கொக்கிகூட அப்படியே. பிறகு பின்கண்ணாடியைப் பார்த்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, பின் வைப்பர். இது கேட்டு வாங்கினாத்தான் போடுவாங்கள். நூறில பத்துப் பேர்கூடக் கேக்கமாட்டினம்."

"பின்னால துடைச்சு என்னத்தைப் பாக்கப்போறியள்?" என்றார் அண்ணி.

அதைத் தண்ணீர் அடித்து ஆறு தடவை ஓட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

"தினமும் சொல்லுது அங்கிள். எங்கம்மா இந்தியாவிலிருந்து வந்திருந்தப்ப, வாழ்த்துறாங்கன்னு சொல்லி கும்பிடுவாங்க."

"சுங்கச்சாலைக் கார்டைக் காணேல்லையாம்" என்றார் அண்ணர். குறை சொன்னதால் அவருக்குப் புரிந்துவிட்டது.

கடைசியாக டார்ச்சை எடுத்துக் கூட்டின் விளிம்புகளைப் பார்த்தார். நான் கவனித்த ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். எல்லா மூலையிலும் மெதுவாக நகர்ந்த அந்த டார்ச், முன்பக்க இடது மூலையில் மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு சுட்டுக்கொண்டது போல அவசரமாக விலகியது. பிறகு தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கியபோது அவர் முகம் இருபது வயதில் இருந்தது.

"காபி சாப்பிட்டுட்டே பேசலாம்" என்று பிரதீப்குமாரின் மனைவி பிரவீணா கூப்பிட்டார். தோளில் ஒன்று, கையில் ஒன்றாக இரட்டையர்.

வரவேற்பறைச் சுவரில், பிரதீப்குமாரின் பட்டத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவே, தங்க நிறச் சட்டத்துக்குள் ஏலத் தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, ஜப்பான் அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் என்று சொல்லி வந்தாராம்.

"அங்கிளுக்கு ஜப்பானீஸ் தெரியுமாமே? வாசிங்களேன். நாலு வருஷமா என்ன எழுதியிருக்குன்னே தெரியாம மாட்டி வெச்சிருக்கோம்."

அண்ணர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கீழே இருந்து தொடங்கினார். பின் பம்பரில் சிறு கீறல். வலது கதவில் விரல் நுனியளவு நெளிவு. ஏசி குளிரும். ஒரே ஒருவர் ஓட்டியது. ஒவ்வொன்றுக்கும் பிரவீணா தலையாட்டினார். நடுவில் இருந்தது எல்லாம் முடிந்தது. பக்கவாட்டில் இருந்ததும் முடிந்தது.

"அவ்வளவுதான்" என்று அண்ணர் கதிரையில் உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ" என்றார் அண்ணி, காபியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேல் மூலையில பெரிசா ஒண்டு கிடக்கே. அதை வாசிக்கேல்லை."

எனக்கும் தெரிந்திருந்தது. ரோவிலில் அந்த எழுத்து தெரியாத தமிழர் உண்டா? ஐந்து வருடமாக ஒரு சிவப்புக் காருக்காகக் காத்திருந்த என் நெஞ்சு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துள்ளியது. பிறகு அண்ணரைப் பார்த்தேன். துள்ளல் நின்றுவிட்டது. அவர் கை தானாகவே சட்டைப் பொத்தான் வரிசையைத் தடவிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் அந்தத் தழும்பு.

"ஆர்" என்றார்.

"அப்படின்னா, அங்கிள்?"

"முன்பக்கம் இடது மூலை அடிபட்டு, வெட்டி ஒட்டினது. டார்ச்சில நான் கண்டனான். கண்டும் பேசாமல் இருந்திட்டன்." எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை. எடுக்கேலாது. ஊர் முழுக்க ஆர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நானே எடுத்தா, பிறகு எந்த முகத்தோட தெருவில போறது? இஞ்சேரும் தாட்சாயினி, எழும்பும். போவம்."

பிரதீப்குமார் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருடமாகப் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்த கௌரவம் அது. இரட்டையரில் ஒன்று அழத் தொடங்கியது. சூழ்நிலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

அண்ணி எழும்பவில்லை.

"கார் நேரா ஓடுதோ?"

"ஓம்."

"பிரேக் ஒரு பக்கம் இழுக்குதோ?"

"இல்லை. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"வெட்டி ஒட்டினவன் எப்பிடி வேலை செய்திருக்கிறான்?"

அண்ணர் இருபத்தைந்து வருடங்களுக்கு முந்தைய பரிசோதகரின் குரலில் சொன்னார்: "நல்ல வேலைகாரன். கை தேர்ந்தவன். தேடினாத்தான் தெரியும்."

அண்ணி கோப்பையை வைத்தார்.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் உங்களையும் முன்பக்கம் திறந்து வெட்டி ஒட்டித்தான் அந்த டொக்டர் என்னட்டத் தந்தவர். அவரும் நல்ல வேலைகாரன்தான். நான் மூலையில எழுத்துப் பாத்துத் திருப்பி அனுப்பினனானே?"

 அழுத குழந்தை அழுகையை நிறுத்திக்கொண்டது.

"அது வேற, இது வேற" என்று அண்ணர் முணுமுணுத்தார்.

"ஓம், வேறதான். இதுக்கு மாத்திரை குடுக்கத் தேவையில்லை." அண்ணி சட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஆருக்குப் பக்கத்தில பி எண்டு கிடக்கு. உள்ளுக்கு பி. உங்களுக்கும் அதேதான். கனக்க யோசிக்காமல் எடுங்கோ. நான் போட்ட நிபந்தனை, நானே எடுத்துப்போட்டன்."

"சனம் கேட்டா?"

"ஆர் எண்டு சொல்லுங்கோ. உண்மையைச் சொல்லி வித்தா, உண்மை தெரிஞ்சு வாங்கினா, அதில என்ன குறை? இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமல் எத்தினை பேரை அழ வைச்சனீங்கள்?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

பிரதீப்குமார் தானாகவே விலையைக் குறைத்தார். அண்ணர் மறுத்தார். இருவரும் ஒருவரையொருவர் நல்லவராக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் பிரவீணா எங்களுக்கு இரண்டாவது காபியும் போட்டுவிட்டார். சட்டத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். அது காருடன் வந்த கூடுதல் வசதி.

ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்ன் நோக்கி வந்தோம். முன்னால் வெள்ளை ஸ்கைலைன், பின்னால் நான். அண்ணர் சட்டப்படியான வேகத்தை ஓரிடத்திலும் தாண்டவில்லை. பஸ் நிறுத்தங்களில் வேகத்தைக் குறைத்ததையும் பார்த்தேன்.

பிற்பகலில் ரோவில் வீட்டு வாசலில் கார் நின்றது. ஆர் ஒன்று அந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டது. அவ்வளவு தாழ்வான சீட்டிலிருந்து எழும்புவது அண்ணிக்கு லேசில் முடியவில்லை. ஒரு கையால் கதவையும் மறு கையால் கூரையையும் பிடித்து, ஒருவழியாக வெளியே வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு குனிந்து உள்ளே பார்த்து, எத்தனையோ வருடங்களாக அந்த ஊர்ச் சனங்கள் சொல்வது போலவே சொன்னார்:

"தாங்க் யூ, டிரைவர்."

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேருக்குப் பதில் நன்றி சொல்லி பஸ்ஸைத் தாமதப்படுத்துகிற மனிதருக்கு அன்று வாய் வரவில்லை. அண்ணி காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டை நோக்கி நடந்தார். நான் என் காரிலிருந்தே பார்த்தேன். தூசி படிந்து காய்ந்து கிடந்த பின்கண்ணாடியில், கேட்டு வாங்கினால் மட்டும் போடுகிற அந்த வைப்பர், மெதுவாக இரண்டு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.