கிரேன் அண்ணாச்சி எடுத்த முகம்

அந்தப் படத்தில் இருந்தது ஒரு வகிடு. எண்ணெய் வைத்து வாரிய தலை, நடுவில் நேராக ஒரு கோடு, நெற்றிப் பக்கம் கொஞ்சம் குங்குமம், காதோரம் ஏழெட்டு நரை. மடியில் முறம், முறத்தில் பாதி அரிசி. முகம் இல்லை. போட்டோ வகுப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிடித்தமான ஒருவரின் படத்தை எல்லோரும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கிரேன் அண்ணாச்சி கொண்டு வந்தது இது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டேன். "வீட்டம்மா" என்றார், புது மாப்பிள்ளை வெட்கத்தோடு. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

நான் அந்த வகுப்புக்குப் போனது கற்றுக்கொள்வதற்காக அல்ல என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம். எனக்குப் பாத்திரக்கடை. ஆள் வராத மதியங்களில் யூடியூப் பார்த்து நானாகவே படம் எடுக்கப் பழகியவன். சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு எல்லாம் நான்தான் எடுப்பேன், பிரமாதம் என்பார்கள், நானும் நம்பிவிடுவேன். மில்லர்புரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் எட்டு ஞாயிறு வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும், போய் நாலு பேரை வாயைப் பிளக்க வைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். முதல் நாளே மானம் கப்பலேறியது. டீச்சருக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. நான் பெருமையாக நீட்டிய உப்பளப் படத்தைப் பார்த்து, "அங்கிள், உப்பு ஏன் சாம்பல் கலர்ல இருக்கு?" என்றார். அதிக வெள்ளையைக் கண்டால் கேமரா தானாகவே இருட்டாக்கிவிடும், நாம்தான் வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டுமாம். பத்து வருடமாக நம்மூர் உப்பை நான் அழுக்காக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். தானாகக் கற்றவனுக்கு இதுதான் கதி, தப்பைச் சொல்ல ஆள் இருக்காது.

என் தப்பாவது எல்லோரும் செய்வது. அண்ணாச்சியின் தப்பை அவரைத் தவிர யாரும் செய்ய முடியாது. டீ கிளாஸ் என்றால் ஒரு வட்டம். சைக்கிள் என்றால் ஒரு ஹேண்டில்பாரும் சீட்டும். பேரன் என்றால் ஒரு சுழி. எதை எடுத்தாலும் நேர் மேலிருந்து. துறைமுகத்தில் முப்பது வருடம் கண்டெய்னர் கிரேன் ஓட்டியவர் அவர். கேபினுக்குத் தரையே கண்ணாடிதான், குனிந்து காலுக்கு நடுவே பார்த்துத்தான் பெட்டியைத் தூக்கவும் இறக்கவும் வேண்டும். "கீழ நிக்கவனுவ மொகம் எனக்குத் தெரியாது தம்பி. தொப்பிய வச்சுத்தான் ஆளத் தெரியும்" என்பார். மார்கழிக் காலையில் கடல்மேல் ஒரு வெள்ளை வந்து நிற்குமாம். கப்பல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாதாம். கம்பிகூடத் தெரியாமல் பெட்டி மட்டும் அந்த வெள்ளைக்குள் மெதுவாக நீந்திப் போகுமாம். அவர் இதைச் சொல்லும்போது கேட்பவர்களுக்கும் காலுக்கடியில் தரை இல்லாத மாதிரி இருக்கும். டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

நாலாவது ஞாயிறு, மாடிப்படியில் இறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டம்மாவுக்கு, எனக்கு மதினி முறை, தாடையில் கட்டி. கடைசி வகுப்பு முடிந்த மறுவாரம் மதுரையில் ஆபரேஷன். தாடையில் ஒரு பக்கத்து எலும்பை எடுத்துவிடுவார்கள், பிறகு முகம் பழைய முகமாக இருக்காது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "வீட்ல இருக்க படம் பூரா வகிடும் கொண்டையும்தான். கல்யாண ஆல்பத்தையும் செல்லு அரிச்சிட்டு. ஒரு மொகம் எடுத்துரணும் தம்பி. அதுக்குத்தான் வாரேன்." நாலு பேரை வாயைப் பிளக்க வைக்க வந்த என்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி மதினியை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். மதினி ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரியே விறைத்து உட்கார்ந்துவிட்டார். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன், அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. டீச்சர் வாரா வாரம், "இறங்கி வாங்க அண்ணாச்சி, அவங்க கண்ணு மட்டத்துக்கு வாங்க" என்று சொல்லிப் பார்த்தார். அவர் வீட்டில் எதிரே உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார். கேமராவைத் தூக்கினால் கை நடுங்குகிறதாம். அத்தனை டன்னை அசையாமல் தூக்கிய கை. பக்கத்தில் முகத்தைப் பார்த்தால் கட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றார்.

கடைசி வகுப்பு உப்பளத்தில். விடிந்தும் விடியாத நேரம், பாத்திகளில் தண்ணீர் வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. மதினியும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உப்புக் குவியல் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, கைப்பிடி உப்பை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, பக்கத்து மோட்டார் ரூம் மாடிக்கு விறுவிறுவென்று ஏறிவிட்டார். டீச்சர் தலையில் கைவைத்தார். மறுபடியும் வகிடுதான் என்று நானும் நினைத்தேன்.

மேலே போய் நின்று, அவர் மதினியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் அவர் வயதுக்காரர்கள் நாலு பேர் முன்னால் வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "ஏளா"தான். மதினி திடுக்கிட்டு நிமிர்ந்தார், அண்ணாச்சி அழுத்தினார். வெயில் அப்போதுதான் எழும்பியிருந்தது. மேலே வானத்து வெளிச்சம், கீழே உப்பின் வெளிச்சம், நடுவில் வாய் லேசாகத் திறந்த அந்த முகம். கட்டியும் தெரியவில்லை, வயதும் தெரியவில்லை. யாரடா என்னைக் கூப்பிட்டது என்று பார்க்கிற ஒரு சின்னப் பெண்ணின் பார்வை. உப்பும் வெள்ளையாகவே விழுந்திருந்தது. டீச்சர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டினார் அண்ணாச்சி. ஆனால் இப்போது அந்த வீட்டுக்குப் போனால் அங்கே இருப்பது வேறு படம். மதினி வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவோடு வரச்சொல்லி அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். போனபோது பழைய படம் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தது. "வாரவுக எல்லாம் அதப் பாத்துட்டு என்னையப் பாத்து உச்சு கொட்டுதாக தம்பி. அவ வேற ஆளு. என்னைய ஒண்ணு எடுக்கச் சொல்லுதேன், இவுக மாட்டங்காக" என்றார் மதினி. வார்த்தைகள் கொஞ்சம் குழறின. ஒரு பக்கக் கன்னம் உள்ளே போய், வாய் அந்தப் பக்கமாக இழுத்திருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, "நீ எடுத்துரு தம்பி" என்றார். நான் கேமராவைத் திறந்தேன்.

"நீ இரு தம்பி, அவுக எடுக்கட்டும்" என்றார் மதினி.

அண்ணாச்சி தன் கேமராவை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"மேல எங்க போறீக? நான் என்ன கண்டெய்னரா? இங்கன உக்காருங்க."

அண்ணாச்சி முழங்கால் மடக்கி, சுவரைப் பிடித்து, மெதுவாக மதினிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கேமராவைக் கண்ணில் வைத்தார். கை நடுங்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை. பார்த்தார், கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார், மறுபடியும் வைத்தார். ஒரு நிமிடமா ஐந்து நிமிடமா, தெரியாது. முப்பது வருடப் பாக்கியையும் அவர் அன்றைக்கே பார்த்து முடிக்கப் போகிறவர் போல இருந்தது. மதினி சிரித்த முகத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் எடுங்க" என்றார் கடைசியில். "சிரிச்சுக்கிட்டே இருந்தா தையல் போட்ட எடம் இழுக்கி."