பெண்கள் ஜன்னல்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். சாலைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கப் போனால், கடைக்காரர் தராசில் கைவைக்கும் முன்பே அது வெறுந்தட்டோடு சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பால் கொண்டுவருகிறவர் என்னைக் கண்டாலே செம்பைத் தானாகத் திறந்து காட்டுவார். அப்படிப்பட்ட என்னிடம், கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் ஒரு விடுமுறை நாளன்று என் வீட்டுக்காரர், "சித்திரசாலைக்குப் போவமா, படம் பாக்க?" என்று கேட்டார்.

அவர் சர்க்கார் குமாஸ்தா. ஆபீசில் என்ன பேசுவாரோ தெரியாது, வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம். கோயிலுக்கு அத்தையோடு போவேன். அவரோடு தனியாக ஓரிடத்துக்கும் போனதில்லை. இந்த மனிதருக்குத் திடீரென்று படம் பார்க்கும் ஆசை ஏன் வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் பட்டுச்சேலையை எடுத்தேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஓவியங்களைச் சுவரில் மாட்டிக் காட்டும் அந்தச் சித்திரசாலை திறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. விடுமுறை நாளில் ஊரே அங்கேதான். ஆண்களின் வரிசை கட்டடத்தைவிட்டு இறங்கி, புல்தரையைச் சுற்றி, மரங்களையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. பெண்களுக்குப் பக்கவாட்டில் தனி ஜன்னல். அங்கே நாலைந்து பேர்தான் நின்றார்கள். வீட்டுக்காரர் சில்லறையை என் கையில் கொடுத்து, "நாலு டிக்கெட்" என்றார்.

"நாம ரெண்டு பேருதானே?"

"எடுத்துட்டு வா, சொல்லுதேன்."

எடுத்துக்கொண்டு வந்தேன். அதுவரை மரத்தடியில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்ற இருவர் சிரித்தபடி வந்து ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் என் வீட்டுக்காரரின் ஹெட்கிளார்க், மற்றவர் அந்த ஹெட்கிளார்க்கின் மைத்துனர். சரி, மரியாதைக்குச் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். உள்ளே ஒரு படம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒரு பெண், எதையோ நம்பாதவளாகக் கடைக்கண்ணால் பார்க்கிறாள். எங்கள் குடும்பத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறையும் அதே கதைதான், டிக்கெட்டின் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தது. அதற்கடுத்த முறை, டிக்கெட்டை வாங்கிய கையோடு ஹெட்கிளார்க் தன் மலையாளம் கலந்த தமிழில் என் காதுபடவே சொன்னார்: "கல்யாணம் பண்ணினதில இப்படி ஒரு சௌகரியமும் உண்டு, கேட்டோ! நம்ம வெயில் கொள்ள வேண்டாமல்லோ." என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மழைக்கு ஒதுங்கிய பெண்ணின் முன்னால் நின்றபோதும் படம் கண்ணில் பதியவில்லை. இந்த மனிதர் என்னை அழைத்து வருகிறாரா, வரிசையில் நிறுத்த ஒரு பெண்ணை அழைத்து வருகிறாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது போலிருந்தது.

ஓண விடுமுறையில் மறுபடி கூப்பிட்டார். போனேன். போனதும் முதல் வேலையாக மரத்தடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எங்காவது ஒளிந்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. சில்லறையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். சுவரோரம் சற்றுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஜன்னலப் பூட்டியாச்சு. ஆம்பளைக வரிசையிலதான் எடுக்கணுமாம்."

'சரி, வீட்டுக்குப் போவோம்' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், அழுது தீர்த்துவிடலாம் என்று அழுகையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குடையை என்னிடம் கொடுத்தார். "நிழல்ல நில்லு" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

அப்போதும் என் மனம் அடங்கவில்லை. யாருக்கோ சொல்லிவைத்திருக்கிறார், அவர்கள் வரும்வரை நிற்கிறார் என்று தோன்றியது. கோட்டும் தலைப்பாகையுமாக அந்த வெயிலில் நின்றார். வரிசை எறும்பாக ஊர்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் குடைக்குள் நின்று, அவர் யாரைத் தேடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் தேடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹெட்கிளார்க் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். நேரே என்னிடம் வந்து, "நமக்கொரு ஆறு டிக்கெட் எடுத்துத் தரணுமே" என்றார்.

"ஜன்னல் பூட்டியாச்சு, சார்."

"பூட்டியோ? அவிடெ பெண்ணுங்க நிக்குதல்லோ!" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டியவர், நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரை நோக்கி நடந்துவிட்டார். குடையோடு பின்னாலேயே ஓடினேன்.

"என்னடோ, ஜன்னல் திறந்தல்லே இருக்கு? வீட்டுக்காரியிடம் பறயணும், ஆறு டிக்கெட்" என்றார் ஹெட்கிளார்க்.

"இன்னைக்கு அவ எனக்கே எடுக்கல்லை, சார். அதான் நான் வரிசையில நிக்கேன்."

"அப்போ நம்ம காரியம்?"

"நீங்களும் பின்னால வந்து நின்னா கிடைக்கும், சார்."

இதைக் கேட்டு ஹெட்கிளார்க்கின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறை முடிந்து ஆபீசில் அதற்கான திட்டை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது. அப்போதைக்கு ஹெட்கிளார்க் விறுக்கென்று திரும்பிப் போனார்.

நான் என் வீட்டுக்காரருக்குக் குடைபிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அங்கே நின்ற பிறகுதான் கவனித்தேன். அந்த இடத்திலிருந்து பெண்கள் ஜன்னல் நேர் எதிரே தெரிந்தது. ஒருத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவள் கையை நீட்டினாள். இத்தனை நேரமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்த மனிதர் நின்றிருக்கிறார்.

"எப்பம் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ வந்து சொன்னப்பமே. உனக்குப் பொய் சொல்ல வராது."

"பின்ன எதுக்கு நின்னீங்க?"

வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். "நீ என்னமோ தெரிஞ்சுக்கிடணும்னு நெனச்சே. தெரிஞ்சுக்கிடட்டும்னு நின்னேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. அது தயாராக வைத்திருந்த அழுகை இல்லை. அவர் தலைக்கு மேலே குடையை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே மூடப்போகும் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. மழைக்கு ஒதுங்கிய பெண்ணைப் பார்க்க மட்டும்தான் நேரம் இருக்கும். அவர் குனிந்து, "ரெண்டு" என்றார்.

டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன், இரண்டுதான். அப்படியும் உள்ளே நுழையும் முன் மரத்தடிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.