பங்களாவில் பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

பஹ்ரைனில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்த வீடு இருக்கிறது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அந்த வெயிலில் குளிர்காய எவன் அடுப்பு கட்டுவான் என்று சிரிக்கிறார்கள். கட்டியிருந்தார்கள். எந்தக் காலத்திலோ வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தன் ஊர் வீட்டைப் போலவே இருக்க வேண்டும் என்று கூடத்துச் சுவரில் ஒரு கணப்பும் கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கியுமாகப் பங்களா கட்டிக்கொண்டாராம். வருஷத்தில் இரண்டு மாத வாடைக்கு அது உதவியிருக்கும். மீதிப் பத்து மாதமும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அந்தப் புகைபோக்கியில் ஒரு கைங்கரியம் செய்தேன். அப்பாவுக்கு அது இன்றுவரை தெரியாது.

அப்போது நாங்கள் ஈசா டவுனில் இருந்தோம். அப்பா ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். சித்தப்பா அதே கம்பெனியில் கொத்தனார். அப்பாதான் விசாவுக்கு ஏற்பாடு செய்து அவரைக் கூட்டி வந்தார். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான். அப்பா டிப்ளமோ படித்ததால் ஃப்ளாட்டில் குடும்பத்தோடு இருந்தார். சித்தப்பா பத்தாவதோடு நின்றதால் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் இருந்தார். சைட்டில் அப்பாவை அவர் ‘சார்’ என்பார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அது ‘அண்ணே’ ஆகிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து விளையாடும் ஏதோ விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன்.

என் வாரமே அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் நகர்ந்தது. அம்மா கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். டூட்டி முடிந்து வந்தால் பேசவே தெம்பிருக்காது. அப்பா வீட்டிலும் சூப்பர்வைசர். நான் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்க உலகத்தில் சித்தப்பா ஒருவர்தான் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு சிடி போடச் சொல்வார். அவர் பணம் அனுப்பிப் புதுக்கோட்டைப் பக்கம் ஊரில் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழா. வீடு அவருடையது, விழாவில் அவர் இல்லை. கேமராக்காரர் சொந்தபந்தங்களின் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டு முழுக்க சினிமாப் பாட்டாகப் போட்டிருந்தார். பால் பொங்கும் இடத்தில் ஊர்ப் பெண்கள் வாயைக் குவித்துக் குலவை போடுவார்கள். நமக்குக் கேட்பதோ ஒரு டூயட்டாக இருக்கும். சித்தப்பா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்.

வீடு கட்டியதால் அந்தச் சித்திரையில் அவருக்குக் கல்யாணம் கூடியது. நாற்பது நாள் சித்தியோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆடி பிறப்பதற்குள் சித்தி உண்டாகியிருக்கும் சேதி வந்தது. தை கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொன்னார். அவர் எடுக்க வேண்டிய லீவைத்தான் எடுத்து முடித்துவிட்டாரே. ஆனாலும் கம்பெனி மேனேஜரிடம் நடையாய் நடந்து இரண்டு மாத லீவு கேட்டு வைத்தார். அந்த நேரத்தில்தான் பங்களாவின் புகைபோக்கி வேலை வந்தது. ஊரில் பேக்கரிகளுக்கு ரொட்டி அடுப்பு கட்டிப் பழகியவர் அவர் ஒருவர்தான் என்பதால், இதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஜனவரி முதல் வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டார்கள்.

புகைபோக்கியோ கிழடுதட்டி நின்றது. கடல் உப்புக்காற்று சுண்ணாம்பைத் தின்று தின்று, கூரைக்கு மேலிருந்த செங்கல்லையெல்லாம் கையாலேயே உருவி எடுக்கலாம் போலிருந்ததாம். அதைக் கூரைமட்டம் வரை பிரித்துவிட்டுச் சாரம் கட்டித் திரும்ப எழுப்பினார். உள்பூச்சு உதிர்ந்து போயிருந்தது. மேலிருந்து நீளமான ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, காற்றடித்து ஊதவைத்து, அதைச் சுற்றிலும் நெருப்புத் தாங்கும் கலவையை ஊற்றி, இறுகியதும் குழாயை உருவிக்கொள்வது. அப்படித்தான் அந்தப் பழைய சுவருக்குள் புதிதாக ஒரு வழி உண்டாயிற்று. ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் வீட்டுத் தட்டில் சோற்றைக் குழித்து அப்பாவுக்கு அதை விளக்குவார்.

“எல்லாஞ் சரிண்ணே. ஆனா இன்னும் ஒரு மாசத்துக்கு இதுல தீக்குச்சிகூட ஒரசக் கூடாது. உள்ள ஈரம் கெடக்கு. சூடு பட்டுச்சுன்னா ஆவியாகி வெடிச்சுப் போயிரும்” என்று அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எனக்கு ஞாபகமிருப்பதுதான் வேடிக்கை. அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கவில்லை. சித்தப்பா ஊருக்குப் போய்விட்டால் இரண்டு மாத வெள்ளிக்கிழமைகள் என்னவாகும் என்பதுதான் என் கவலை. காலண்டரிலிருந்த முருகனிடம், எப்படியாவது அவரைப் போகவிடாதே என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பரின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு டூட்டி. சித்தப்பாவுக்கும் பங்களாவில் கடைசிக்கட்ட வேலை கொஞ்சம் மிச்சமிருந்தது. அப்பா என்னைக் காரில் கூட்டிப்போய் அங்கே விட்டார். வேறொரு சைட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டதாக ஃபோன் வந்ததால், இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று கிளம்பிப் போனார். வீட்டுக்கார அம்மா, பஹ்ரைன்காரர், சவுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

சித்தப்பா கலவை பூசும் கரணையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒர்க் முடிஞ்சிருச்சா சித்தப்பா?”

“முடிஞ்சிருச்சு தாயி. ஞாயித்துக்கெழம இன்ஜினியர் வந்து பாத்துட்டாருன்னா கலாஸ்.”

“அப்ப பால் காய்ச்சணும்ல? நாங்க நியூ ஃப்ளாட் வந்தப்ப அம்மா ஃபர்ஸ்ட் அதானே பண்ணாங்க?”

அவர் சிரித்துவிட்டார். “இது அவுங்க வீடு தாயி. நாம எதுக்குக் காச்சணும்?”

“அடுப்பு நீங்கதானே கட்டினீங்க?”

அவர் கணப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தார். “பதினெட்டு வயசுலேருந்து அடுப்பு கட்டுறேன். ஒண்ணுலகூட நான் பால் காச்சுனதில்ல” என்றார். பிறகு தனக்குத்தானே, “ஒரு டம்ளர் பாலுக்கு என்ன பெரிய தீ எரிஞ்சிரப் போவுது” என்றார்.

தெருமுனையில், கோல்ட் ஸ்டோர் என்று அங்கே சொல்லும் மளிகைக் கடைக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தோம். சைட்டில் டீ போடும் ஏனத்தைத் தேய்த்துக் கழுவினார். மூன்று செங்கல்லை அடுப்பாகக் கூட்டி, சாரப்பலகைத் துண்டுகளைச் சின்னதாகச் சீவிப் பற்றவைத்தார். கிழக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயிலைப் பார்த்து அவரே சொன்னார். பால் அசையவே இல்லை. நான் பொறுமையில்லாமல் இன்னும் விறகு, இன்னும் விறகு என்றேன். அவர் வைத்தது பாதி, நான் வைத்தது பாதி. கடைசியில் நுரை கட்டி எழும்பி, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது.

“குலவ போடு தாயி!”

எனக்கு அது டூயட் பாட்டாகத்தான் தெரியும். ஏதோ ஆம்புலன்ஸ்போல ஊளையிட்டேன். சித்தப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதோடு பாலை எடுத்துக்கொண்டு தீயை அணைத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். நான்தான், “வெளியே ஸ்மோக் வருதான்னு பாக்கலாம்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். செங்கல் அடுக்கி வந்த, உடைந்த மரப் பேலட் ஒன்றை அடுப்பில் திணித்துவிட்டு ஓடியதும் நான்தான்.

தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். புதுப் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை நேராக எழுந்து, மேலே போனதும் காற்றுக்கு வளைந்தது. சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். “இங்க மூணரைன்னா ஊர்ல ஆறு. இந்நேரம் வெளக்கு வச்சிருப்பாக. ஒங்க சித்தி உல வச்சிருப்பா” என்றார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. எனக்குக் கழுத்து வலித்தது. அவர் நின்ற மாதிரி யாரும் ஒரு புகையைப் பார்த்து நின்று நான் பிறகு பார்த்ததில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு பத்து நிமிடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் நான் அந்தத் தோட்டத்துக்குத்தான் போவேன். உள்ளே ஓடிப்போய் அந்தப் பேலட்டை வெளியே இழுத்துப் போடுவேன்.

நாங்கள் உள்ளே போனபோது தீ கணப்பு முழுக்க நின்று எரிந்தது. சித்தப்பாவின் முகம் மாறியது. மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தார். அப்பா வருவதற்குள் சாம்பலைக் கூட்டி, பாலை இரண்டாகப் பங்கிட்டு எனக்கும் கொடுத்துத் தானும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தார். புகைபோக்கியின் மேல்வாயை அடைத்துவிட்டு, கீழே புகைவில்லை ஒன்றைக் கொளுத்தி வைத்து எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது வழக்கமாம். பத்தாவது நிமிடம் மாடிப் படுக்கையறையில் வீட்டுக்கார அம்மாவின் துணி அலமாரியிலிருந்து புகை வந்தது. கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தார்கள். அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் உள்பூச்சு வெடித்துக் கிடந்தது. இடித்து எடுத்துத் திரும்ப ஊற்றியாக வேண்டும், ஆறு வாரமாவது ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் சூப்பர்வைசர் என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பாவின் டிக்கெட் கேன்சலாயிற்று. லீவு வரிசையில் அடுத்திருந்த ஆள் கிளம்பிவிட்டார். இனி அவர் திரும்பி வந்த பிறகுதான் சித்தப்பா போக முடியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்து அப்பா கத்தினார். “ஒரு மாசம் ஆறணும்னு எனக்கே பாடம் நடத்துனவன்டா நீ! ஒனக்கு எங்கடா போச்சு புத்தி?”

“ஈரம் சீக்கிரம் காயட்டும்னு நாந்தாண்ணே கொஞ்சம் தீயப் போட்டுப் பாத்தேன்.”

“பால் ஒட்டுன ஏனம் அங்க இருந்துச்சாமே?” என்றார் அம்மா.

“ஆமா அண்ணி. அப்படியே பாலும் காச்சுனேன்.”

“அதுவும் மார்கழியில!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மார்கழியில் யாரும் புதுசுக்குப் பால் காய்ச்ச மாட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் சோபாவின் ஓரத்தில் ஹோம்வொர்க் நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அடி விழும் என்று பயம். சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் உளறிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பா எழுந்து குளிக்கப் போனதும் நான் மெல்ல அவர் பக்கத்தில் போய், “சித்தப்பா, நீங்க போகக் கூடாதுன்னு நான் டெய்லி முருகன்கிட்ட கேட்டேன். கொடுத்துட்டாரு” என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் எனக்கு நினைப்பு. அவர் என் தலையில் கை வைத்து, “அப்பிடியா தாயி” என்றார்.

தை கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. பெண் குழந்தை. அம்மா எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டார். அப்பா, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, சித்தப்பாவின் தோளில் கை போட்டார். சித்தப்பா காலிங் கார்டின் எண்களை அழுத்தி, ஆஸ்பத்திரியில் இருந்த தன் மச்சினனின் ஃபோனுக்குப் பேசினார். “கொழந்த சத்தத்த ஒரு தடவ கேக்கணும், கிட்டக்க வையி மாப்ள” என்றார்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு பழைய சைக்கிள் வந்திருந்தது. சித்தப்பா பின்னால் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

“பாப்பா அழுவுதா சித்தப்பா?”

“தூங்குறா.”

“அப்ப என்ன கேக்குது?”

“மூச்சு விடுறா தாயி.”

நான் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தேன். அங்கே ஒரு ஃபேன் ஓடியது, யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். வேறு ஒன்றுமில்லை. “ஒண்ணுமே கேக்கல. வாங்க, போலாம்” என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கி மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார். கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னது எனக்கே கேட்டது. அப்போதும் அவர் நகரவில்லை. எனக்காகத்தானே இவர் ஊருக்குப் போகாமல் இருக்கிறார், அப்புறம் என்னோடு வருவதற்கு என்ன என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.