பொய்ப் பெட்டி

நான் பராமரித்த முதல் பதிவேட்டில் அரசு முத்திரை கிடையாது. கள்ளக்குறிச்சியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த என் மாமாவின் கோடு போட்ட நோட்டு அது. ஒன்பது வயதில் எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது. மாமாவுக்கு ஞாபகசக்தி கிடையாது. பிற்பாடு தாலுக்கா ஆபீஸில் நான் வகித்த பதவிகளுக்கெல்லாம் இதைவிடப் பெரிய தகுதி தேவைப்படவில்லை.

பெயர், ஊர், என்ன படம், கடைசியில் 'குறிப்பு' என்றொரு பத்தி. மாமாவின் தொழில் அந்தப் பத்தியில்தான் நடந்தது. மாட்டின் பெயர், பிள்ளைக்கு வந்த மாந்தம், மருமகளோடு பேச்சு உண்டா இல்லையா. ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்தைப் புரட்டி வைத்துவிடுவேன். "வாங்கண்ணே, செவலை கன்னு போட்டுச்சா?" என்பார் மாமா. வந்தவர் உருகிப்போவார்.

இன்னொரு தந்திரம், நான் 'பொய்ப் பெட்டி' என்று பெயர் வைத்த பழைய கேமரா. உள்ளே பிலிம் இருக்காது; சத்தம் மட்டும் வரும். விறைத்து நிற்பவர்களை மாமா முதலில் அதில் 'எடுப்பார்'. முடிந்தது என்று அவர்கள் மூச்சு விடும்போது நிஜக் கேமரா வேலை செய்யும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். கச்சிராயபாளையம் வரை பஸ், கரியாலூர் வரை ஜீப், அப்புறம் நடை. ஒருவர் தன் மனைவியைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். மாமா தன் வழக்கப்படி முதலில் சாப்பிட்டார். சாமைச் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மாட்டின் பெயர் மயிலை என்று நான் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாள் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

"என் மூஞ்சிய இன்னாத்துக்கு எடுக்கணும்?"

"உன்ன யாரு எடுக்கறா, தங்கச்சி? மாட்டத்தான் எடுக்கறேன். அது ஆடாம சும்மா புடிச்சிக்கினு நில்லு."

வந்து பிடித்துக்கொண்டாள். பொய்ப் பெட்டி சத்தம் போட்டது. மயிலை மிரண்டு அவள் தோளில் தும்மியது. வாயைப் பொத்தக்கூட மறந்து அப்படிச் சிரித்தாள்.

மாமா நிஜக் கேமராவைத் தூக்குவதற்குள் பனி இறங்கிவிட்டது. முதலில் மலை போயிற்று, பிறகு கூரை, பிறகு மாடு, கடைசியாக அந்தச் சிரிப்பு. எல்லாம் பாலில் கரைந்ததுபோல வெள்ளையாகிவிட்டது. கழுத்து மணி மட்டும் எங்கோ அசைந்துகொண்டிருந்தது.

"எடுத்தாச்சா படக்காரரே?" என்றது அவள் புருஷனின் குரல்.

"ஆச்சு ஆச்சு" என்றது மாமாவின் குரல், பழக்கதோஷத்தில்.

இன்னொன்றும் எடுத்துவிடலாம் என்று சொல்லி மாமா சாயங்காலம் வரை காத்திருந்தும் பனி விலகவில்லை. திரும்பும் வழியில் ஜீப்பில் உட்கார்ந்து எழுதினேன்: 'பொய்ப் பெட்டி மட்டும். படம் எடுக்கவில்லை.' தை மாதம் வந்து எடுத்துவிடலாம் என்றார் மாமா. தையில் கல்யாணங்கள் வந்தன.

மாசி முடியும்போது அந்த மனிதர் தனியாக வந்தார். துண்டில் சாமை முடிந்து கொண்டுவந்திருந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"வாங்கண்ணே, மயிலை எப்டி இருக்குது?"

"மாடு நல்லாத்தான் இருக்குது. அவதான் போய்ட்டா. பொங்கல் கழிஞ்சு காய்ச்சல்." கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார். "அவ மூஞ்சி வேற எதுலயும் இல்லீங்க. நீங்க எடுத்ததுதான்."

என் விரல் சரியான வரியில் இருந்தது. "மாமா, அதுல பிலி..." என்பதற்குள் நோட்டு மூடிக்கொண்டது, என் விரலையும் உள்ளே வைத்து.

"எடுத்தேண்ணே. நல்லா வுழுந்திருந்துது. பிலிமக் கழுவும்போது வெளிச்சம் பட்டுப் போச்சு. தப்பு என்னுது."

அவர் சத்தம் போடவில்லை. "சிரிச்சிக்கினு இருந்தாளா?"

"சிரிச்சிக்கினுதான் இருந்தாங்க."

"பல்லு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. மாடுகூட அவங்களையே பாத்துக்கினு இருந்துது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "இனிமேலாவது கையக் கொஞ்சம் கவனமா வெச்சிக்குங்க, படக்காரரே." சாமையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மலையிலிருந்து எங்கள் கடைக்கு யாரும் வரவில்லை. படத்தைக் கெடுக்கிறவன் என்று பேராகிவிட்டது. மாமா யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், "குறிப்புல, 'நல்லாச் சிரிச்சாங்க'ன்னு எழுது பாப்பா" என்றார்.

"எடுக்காத படத்துக்கு எப்படி மாமா எழுதறது?" என்று பேனாவை மூடினேன். அவர் வற்புறுத்தவில்லை. தன் தொழிலைப் பற்றியே பொய் சொல்கிற மனிதர் என்று சில வருடங்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்தேன்.

பொய்யான வாக்குமூலத்துக்கு என்ன விதி, எந்தப் படிவம் என்பதெல்லாம் பின்னால் எனக்கு மனப்பாடம். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம். அவள் சிரித்தது நிஜம் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. குறிப்புப் பத்தியில் அரை வரி காலியாகவே கிடக்கிறது.