யோசேப்பு வாயைத் திறந்து கேட்டார்

என் தம்பி எட்வர்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். பதினொரு வருடத்தில் ஒரு கம்பிக்கட்டுகூட நழுவியதில்லை. தூக்குவதற்கு முன் கொக்கியை மூன்று தடவை பார்ப்பான். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு பெரிய இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டால் எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

போன நவம்பர் பதினேழாம் தேதி தம்பியின் வாடகை வீட்டுக்காரர் பூவராகவன் அவனுக்குப் போன் செய்தார். வடநாட்டு ஆட்களைத் தங்கவைக்க ஒரு கான்ட்ராக்டர் வீடு கேட்கிறாராம்; டிசம்பருக்குள் காலி செய்ய வேண்டுமாம். தம்பி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அவன் மனைவி மெர்சிக்கு அப்போது எட்டு மாதம்.

அவன் தேடவில்லை என்று தெரிந்ததும் நான் தேடினேன். பதினான்கு வீடு. வீடு காலியாகத்தான் இருக்கும். மெர்சியைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறும். நிறைமாதத்தில் வீடு மாறக்கூடாது, எங்கள் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வேதக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது என்றால், எங்களுக்கு உண்டே என்பார்கள்.

வீங்கிய காலோடு அவனைத் தேடி எங்கள் வேதக் கோயிலுக்குப் போனேன். தம்பி கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரிடம் மெர்சியின் நிலைமையைச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

"மனுசன்கிட்ட போய் கெஞ்சுனா அது இன்னாக்கா விசுவாசம்? சத்திரத்துல எடமில்லன்னாலும் யோசேப்புக்கு ஆண்டவரு ஒரு எடம் காட்டல?"

"யோசேப்பு வாயத் தொறந்து கேட்டாருடா. கேட்டதாலதான் எடமில்லன்னே தெரிஞ்சிது. நீ பொம்மைய அடுக்கிக்கினு கீற. அந்தக் கொக்கிய மட்டும் ஏன்டா ஆண்டவர்கிட்ட உடாம மூணு வாட்டி பாக்குற?"

அவன் ஆட்டுக்குட்டி பொம்மையைத் துடைத்தான்.

மறுநாள் பஸ் ஏறிப் புதுவாயலில் பூவராகவன் வீட்டுக்கே போனேன். அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜானகியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மெர்சியைப் பற்றிச் சொன்னதும், எத்தனை மாதம் என்று கேட்டார். ஒன்பது பிறந்துவிட்டது என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நெறமாசக்காரியவா காலி பண்ணச் சொன்னாரு? அந்தப் பாவம் எங்களுக்கு வாணாம்மா. பொறக்குற கொழந்தைக்கு மூணு மாசம் ஆவற வரிக்கும் அவ அங்கியே இருக்கட்டும். உன் தம்பிக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?"

பதினான்கு வீட்டில் எங்களைத் தள்ளிய அதே நம்பிக்கை, பதினைந்தாவது வீட்டில் எங்களை இருத்தியது. ஆண்டவர் செயல்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நடக்க எடுத்துக்கொண்டது என் காலை.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தம்பி, "நான் சொன்னேன்லக்கா" என்றான். தூக்குவதற்கு முன், சுற்றியிருந்த துணியின் முடிச்சை மூன்று தடவை பார்த்தான்.

மார்ச் இருபத்திரண்டில் மூன்று மாதம் முடிகிறது. பிறகு எங்கே என்று கேட்டால் மேலே கை காட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை படியேறிக் கேட்கப்போவது அவன். நான் கீழே நிற்பேன்.