சந்தேகத்துக்கிடமான நபர்கள்

காவல் நிலையக் கூட்டம் ஒன்றில் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். நீள மேஜையைச் சுற்றிச் சீருடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி, எல்லோர் முன்னாலும் காகிதக் கோப்பையில் ஆறிப்போன காப்பி. சார்ஜென்ட் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த மாதம் ஊர்மக்கள் போலீசுக்குச் செய்த அழைப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். "அறுபது வயதைத் தாண்டிய பெண். உடம்பைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் நீளமான துணி. காலில் ஆண்கள் போடும் ஷூ. மழையே இல்லை, ஆனால் கையில் விரித்த குடை. வீட்டு வாசலில் நின்று, உதடுகளை அசைத்தபடி விரல்விட்டு எதையோ எண்ணுகிறார். ஜன்னல்களை எண்ணுவதாகச் சந்தேகம்." அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சார்ஜென்ட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உனக்கு இவங்களைத் தெரியுமா?" அவர் பேசியது டெக்சஸ் கிராமத்து ஆங்கிலம். இத்தனை நாள் கழித்து எனக்கு அது தமிழாகவே ஞாபகம் வருகிறது.

"ஆளைத் தெரியாது. என்ன எண்ணுறாங்கன்னு தெரியும்," என்றேன். நடந்துகொண்டே சாமி பெயரைச் சொல்கிறார், எத்தனை முறை சொன்னோம் என்று விரல் கணுக்களில் கணக்கு வைக்கிறார், என் அம்மா இங்கே வந்தாலும் இதையேதான் செய்வார் என்று விளக்கினேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜென்ட் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை இருக்கச் சொன்னார்.

நான் போலீஸ்காரி அல்ல. சென்னையில் புள்ளியியல் படித்தவள். டல்லாஸை ஒட்டிய ஒரு சிறிய ஊரின் காவல் துறையில், எந்தத் தெருவில் என்ன குற்றம் நடந்தது, எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று மாதந்தோறும் கணக்கெடுத்துச் சொல்வது என் வேலை. இந்த வேலையில் சேர்ந்த பிறகு நண்பர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் நிம்மதியாகக் கேக் சாப்பிட்டதில்லை. காப்பெலில் வீடு தேடுகிறவர்களும் ரிச்சர்ட்சனில் வாடகைக்கு இருப்பவர்களும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். "உள்ள இருக்கறவங்க நீங்க, உண்மையச் சொல்லுங்க. எந்த ஏரியா சேஃப்?" சான் ரமோனில் இருக்கும் என் பெரியம்மா மகள், கலிஃபோர்னியாவில் வீடு வாங்குவதற்கு என்னிடம் போன் போட்டு ஆலோசனை கேட்டாள்.

எங்கள் ஊரில் நடந்தவற்றில் பெரும்பாலானவை பூட்டாத காரில் வைத்த கைப்பை காணாமல் போவதும், வாசற்படியில் இறக்கிய பார்சலை யாரோ தூக்கிக்கொண்டு போவதும்தான். அவையும் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் அந்தக் கோடையில், சந்தேகத்துக்கிடமான நபர் என்று போலீசுக்கு வரும் அழைப்புகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சார்ஜென்ட் ஒரு பேச்சு சொல்வார். "குற்றத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருக்க. பயத்துக்கும் தனியா ஒண்ணு வெச்சுக்க." அது எனக்கு அந்தக் கோடையில்தான் விளங்கியது.

சார்ஜென்ட் ஆறடி உயரப் பெண்மணி. நரைத்த தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் பின்னி சட்டைக் காலருக்குள் செருகியிருப்பார். மேற்கு டெக்சஸில் பருத்தி விவசாயம் செய்த குடும்பம். அறைக்குள் பேசும்போதும் பக்கத்து வயலில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டார். "யாரு இவங்கல்லாம்? எங்கிருந்து வராங்க?"

சொன்னேன். ஏப்ரல், மே பிறந்தால் இங்கிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா அப்பாக்கள் வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். கார் ஓட்டத் தெரியாது, பஸ் கிடையாது. காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாக நடப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"சரி, எதுக்கு வீட்டையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க?"

"பார்க்கறதுக்கு வேற என்ன இருக்கு? தெருவுல ஆளே இல்லையே."

சார்ஜென்ட் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

என்ன செய்யலாம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அதே வாரம் அது நடந்துவிட்டது. உடுமலைப்பேட்டை கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது கோர்ட் ஆபீஸ் ஊழியர்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு வந்திருந்தார். தினமும் ஒரு வீட்டின் முன்னால் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார் என்று யாரோ அழைத்துச் சொல்ல, ஒரு இளம் அதிகாரி போய் அவரை நிறுத்தினார். எப்போது வெளியே போனாலும் பாஸ்போர்ட் ஜெராக்ஸைச் சட்டையின் உள் பையில் வைத்துக்கொள்ளும்படி மகள் சொல்லியிருந்தாள். யாரென்று கேட்டதும் பெரியவர் சட்டைக்குள் கையை விட்டார். அதிகாரியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. கையை வெளியே எடு என்று அவர் கத்த, அந்த உச்சரிப்பு பெரியவருக்குப் பிடிபடவில்லை. நல்லவேளையாகத் தபால் வண்டியில் வந்த பெண், "ஐயோ, இவர் தினமும் நடக்கிறவர்தான்," என்று சொல்லிக் குறுக்கே வந்தார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அதிகாரியின் சட்டையில் இருந்த கேமராப் பதிவை சார்ஜென்ட் பார்த்தபோது என்னையும் கூப்பிட்டார். பெரியவர் அசையாமல் நின்று, தமிழில் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன சொல்றார்?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"பேப்பருங்க, வெறும் பேப்பருங்கன்னு சொல்றார்," என்றேன்.

சார்ஜென்ட் பதிவை நிறுத்திவிட்டு எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "வா, போகலாம்."

பெரியவர் தங்கியிருந்த வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. ஆன்டி எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. நான் தமிழில் பேசியதும் முகம் விரிந்துவிட்டது. "வாங்கம்மா, உள்ள வாங்க. அவரு ரெண்டு நாளா மாடிய விட்டு எறங்கறதில்லைங்க. டிக்கெட்ட மாத்து, நான் ஊருக்குப் போறேன்னு புள்ளயப் போட்டு அரிக்கறாருங்க." சோபாவில் நிறைமாதமாக உட்கார்ந்திருந்த மகள் சார்ஜென்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு டெலிவரி இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அப்பா பேபியப் பார்க்காமலே கிளம்பறேங்கறார்."

ஆன்டி மாடிப்படியின் கீழ் நின்று குரல் கொடுத்தார். "ஏனுங்க, பொம்பளப் போலீசு ஒருத்தங்க வந்து உக்காந்திருக்கறாங்க. கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க."

மேலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "வாரன்ட் இருக்குதான்னு கேளு."

நான் மொழிபெயர்த்தேன். சார்ஜென்ட் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இல்லைன்னு சொல்லு. வாரன்ட் இல்லாததால அவர் வரணும்னு கட்டாயமே இல்ல. மன்னிப்புக் கேட்க வந்தேன். அதை இங்கேயே சொல்லிட்டுப் போறதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கோர்ட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி இறங்கி வந்து, எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ற இங்கிலீசு இவங்களுக்குப் புரியாது. நீ சொல்லும்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினார். "என் மேல என்ன குத்தம்?"

"ஒண்ணும் இல்லை," என்றார் சார்ஜென்ட்.

"புகார் குடுத்தவங்க என்ன பாத்தாங்களாம்?"

"ஒருத்தர் வீட்டைப் பார்த்துக்கிட்டு நின்னதை."

"ரோட்டுல நின்னு பாக்கறது இந்த ஊருல எந்தச் செக்‌ஷன்ல வருதுங்க?"

"எதுலயும் வராது."

"அப்ப அந்த ஆபீசர் கத்துனது?"

"அவர் பயந்துட்டார். பயம் அவருக்கு, அவமானம் உங்களுக்கு. அதுக்குத்தான் நான் மன்னிப்புக் கேட்கறேன்."

பெரியவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார். பிறகு அவர் சொன்னதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "எத்தனையோ பேரைக் கூண்டுல நிக்க வெச்சுப் பாத்திருக்கறேனுங்க. நடுரோட்டுல ஒரு போலீசு முன்னால நான் நின்னதில்ல." சார்ஜென்ட் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியவரே, "சரி, கேசு தள்ளுபடி," என்றார். ஆன்டி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

கிளம்பும்போது சார்ஜென்ட், "நாளைக்குக் காலையில உங்களோட நானும் நடக்க வரட்டுமா?" என்று கேட்டார். பெரியவர் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். "அந்த ஆபீசரையும் கூட்டியாங்க."

மறுநாள் காலையை என்னால் மறக்கவே முடியாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருமுனையில் கூடினோம். சீருடைக்குக் கீழே நடைப்பயிற்சி ஷூ மாட்டிக்கொண்டு சார்ஜென்ட், பக்கத்தில் காது சிவக்க அந்த இளம் அதிகாரி, சிரஸ்தார், ஆன்டி. செய்தி எப்படியோ பரவி, அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து மற்ற அம்மா அப்பாக்களும் வந்துவிட்டார்கள். ஆரஞ்சுப் புடவைக்காரரும் குடையோடு ஆஜர். மயிலாப்பூர்க்காரராம். சார்ஜென்ட் அவர் பக்கமாகக் குனிந்து, எத்தனை வரைக்கும் எண்ணுவீர்கள் என்று கேட்க, அவர் என் வழியாக, "நடுவுல பேசினா மொதல்லேர்ந்து எண்ணணும், சும்மா வரச் சொல்லு," என்றார்.

ஊர்வலம் மாதிரிப் போனோம். அந்தக் குறிப்பிட்ட வீட்டின் முன்னால் பெரியவர் வழக்கம்போல நின்றார். கதவு திறந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வெளியே வந்தார். யாரும் கேட்காமலே, "நான்தான் போலீஸைக் கூப்பிட்டேன்," என்றார். "தினமும் வந்து என் வீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டறார். தனியா இருக்கேன். பயமா இருந்தது."

பெரியவருக்கு நான் சொன்னேன். அவர் முகத்தில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கையை நீட்டி வேலியோரத்தைக் காட்டினார். "வீட்ட யாருங்க பாத்தாங்க? அந்த வெண்டச் செடியப் பாருங்க. காயெல்லாம் முத்திக் கெடக்குது. பறிக்காம உட்டா செடி காய்க்கறத நிறுத்திப்போடுமுங்க. தெனமும் பாத்துப் பாத்து மனசு கேக்கலைங்க."

அந்தப் பெண்மணி முதலில் செடியைப் பார்த்தார், பிறகு தன் கால்களைப் பார்த்தார். முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. குனிய முடியவில்லை, பறித்துத் தர ஆளும் இல்லை. "பறிச்சுக்கட்டுமான்னு கேளும்மா," என்றார் பெரியவர். அந்தப் பெண்மணி இரண்டு கைகளாலும் வாரிக்கொள்ளச் சொல்லும் சைகை காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர் பாத்திக்குள் இறங்கினார். முத்தலை ஒரு பக்கம், பிஞ்சை ஒரு பக்கம் என்று பிரித்து, பிஞ்சையெல்லாம் இளம் அதிகாரியின் தொப்பியில் போட்டார். அதிகாரி தொப்பியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் தன் அம்மாவின் கைப்பக்குவத்தில் எப்படி இருக்கும் என்று சார்ஜென்ட் உரத்த குரலில் விவரிக்க, அதற்கும் தன் பொரியலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆன்டி கைகளாலேயே விளக்கினார். அந்த இடத்தில் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

டிக்கெட்டை யாரும் மாற்றவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போட்ட அன்றைக்கு சார்ஜென்ட் வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆன்டி போட்ட வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடை முழுக்க, முடிந்த காலைகளில் சார்ஜென்ட் அவர்களோடு நடந்தார். மூடியே கிடந்த வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நின்று பேசினார்கள். அந்தத் தெருக்களிலிருந்து சந்தேகத்துக்கிடமான நபர் என்று வரும் அழைப்புகள் குறைந்துபோயின. சார்ஜென்ட் அதைக் கூட்டத்தில் படித்தபோது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அக்டோபரில் விசா முடிந்து பெரியவர்கள் ஊர் திரும்பினார்கள். அடுத்த வாரமே அந்தத் தெருவிலிருந்து வேறு மாதிரி அழைப்பு வந்தது. தினமும் நடந்து போகிற வேட்டிக்காரரையும் அவர் மனைவியையும் சில நாட்களாகக் காணோம், அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, யாராவது போய்ப் பார்க்க முடியுமா? பேசியது அந்த முழங்கால் வலிக்காரர்தான். இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று சார்ஜென்ட்டைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "நீயே கூப்பிட்டுச் சொல்லிடு," என்றார். கூப்பிட்டு, ஊருக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள் என்று சொன்னேன்.

சார்ஜென்ட் இப்போது ஓய்வு பெற்று அண்ணனின் பருத்திக் காட்டுக்கே போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். இன்றைக்கும் வீடு வாங்குகிறவர்கள் எந்த ஏரியா சேஃப் என்று என்னைக் கேட்கத்தான் செய்கிறார்கள். காலையில் ஒரு நடை போய், எத்தனை பேர் தலையசைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் நான் மழுப்புவதாக நினைக்கிறார்கள்.

அந்தக் கோடைக்குச் சில வருஷங்கள் கழித்து, இந்த ஏப்ரலில் ஒரு காலை, அழைப்புகளை வாங்கும் பெண் என் அறைக்கு வந்து நின்றாள். புதிதாகச் சேர்ந்தவள். அந்தத் தெருவிலிருந்து விடிந்ததிலிருந்து மாறி மாறி அழைக்கிறார்களாம். திருட்டா என்று கேட்டால் இல்லை, ஆபத்தா என்று கேட்டால் இல்லை. 'வந்துட்டாங்க' என்று மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு வைக்கிறார்களாம். "இதுக்கு யாரை அனுப்பறது?" என்று கேட்டாள்.

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் சார்ஜென்ட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டேன். வேட்டிக்காரர் முன்னால், ஆன்டி பின்னால், நடுவில் இரண்டு பேர் கைகளையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த சின்னப் பெண். வாசலுக்கு வாசல் ஆட்கள் வெளியே வந்து நின்றிருந்தார்கள்.